மகளை எந்த விஞ்ஞான நிகழ்ச்சித்திட்டத்தில் சேர்ப்பது? மண்டூர்த் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

மண்டூரில் வசிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: மகள் ஒன்பதாம் தரத்தில் படிக்கிறாள், பழுதான வானொலி, மின்விசிறி என்று வீட்டில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்க்காமல் விடுவதில்லை. மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிலையம் பாடசாலை விடுமுறையில் மூன்று நாள் ரோபோட்டிக்ஸ் முகாம் நடத்துகிறது. கட்டணம் உங்கள் வருமானத்துக்குப் பெரிய தொகை. முடிவில் சான்றிதழ் தருவார்களாம். அதில் சேர்க்கலாமா, வேறு வழிகள் உண்டா, இவற்றால் சாதாரண தரப் படிப்புக் கெட்டுவிடாதா? முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்தில் பௌதிகவியல் கற்பித்தவன், அதில் பல ஆண்டுகள் ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாகச் சென்று மாணவர் செயற்றிட்டங்களுக்குத் துணைநின்றவன் என்ற வகையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் முகாமைப் பற்றி. கடன்பட்டு அதில் சேர்க்க வேண்டாம். இத்தகைய குறுகிய முகாம்கள் பலவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். பெட்டியில் வரும் உதிரிப் பாகங்களைப் படத்தில் உள்ளபடி பொருத்துவார்கள். எழுதித் தரப்பட்ட நிரலைக் கணினியிலிருந்து ஏற்றுவார்கள். மூன்றாம் நாள் மாலை எல்லாப் பிள்ளைகளின் வண்டியும் ஒரே கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். பெற்றோர் கைதட்டி முடிந்ததும் வண்டிகள் கழற்றப்பட்டு அதே பெட்டிக்குள் போய்விடும். பிள்ளை காகிதத்தோடு வீடு திரும்பும். அதனால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பற்றாசுக் கோலை முதன்முதலாகக் கையில் பிடிப்பதும், தன்னைப் போலவே ஆர்வமுள்ள பிற ஊர்ப் பெண் பிள்ளைகளைக் காண்பதும் சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் நடத்துநர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: செய்த பொருளைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரலாமா? ஒரு மாதம் கழித்து அது வேலை செய்யாமல் நின்றால் யாரிடம் கேட்பது? இரண்டுக்கும் தெளிவான விடை இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு மல்டிமீற்றரும் ஒரு பற்றாசுக் கோலும் வாங்கிக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

ஒரு நிகழ்ச்சித்திட்டம் நல்லதா என்பதை அறிய நான் பார்ப்பது, வகுப்பு நடக்காத நாட்களில் பிள்ளை அந்த வேலையை என்ன செய்கிறது என்பதைத்தான். தனக்கென ஒரு கேள்வி இருந்து, அதற்காகத் தன் கையால் அளந்து, அளந்தது பிழையென்று கண்டு, மறுபடி அளக்கப் போகிற பிள்ளை வளர்கிறது. இதற்குக் காலம் வேண்டும். பிரித்தானியாவில் பாடசாலை மாணவர்களுக்காக நடத்தப்படும் கிரெஸ்ட் விருதுகள் இந்தக் காலத்தை வெளிப்படையாகவே கணக்கிடுகின்றன: வெண்கலத்துக்குச் சுமார் 10 மணி நேர வேலை, வெள்ளிக்கு 30, தங்கத்துக்கு 70. மூன்று நாள் முகாம் என்பது நாளுக்கு ஆறு மணி நேரம் வைத்தாலும் 18 மணி நேரம். அதிலும் சொந்த வேலை எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் வீதம் ஆறு மாதம் செய்தால் உங்கள் மகள் செலவில்லாமலே 70 மணி நேரத்தைத் தாண்டிவிடுவாள்.

நம் நாட்டில் கட்டணச் சுமை இல்லாத வழிகள் உண்டு. அவை நம் பக்கத்துப் பெற்றோரின் காதுக்கு எட்டுவதில்லை என்பதுதான் என் நெடுநாள் கவலை. தேசிய விஞ்ஞான மன்றம் பாடசாலை விஞ்ஞானச் சங்கங்களுக்கும் மாணவர் ஆய்வுச் செயற்றிட்டங்களுக்கும் ஆதரவு தருகிறது. 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு பாடசாலைகளில் புத்தாக்குநர் கழகங்களை ஊக்குவிப்பதோடு, ‘சஹசக் நிமவும்’ என்ற கண்காட்சிப் போட்டியையும் நடத்துகிறது. 1906 இல் தொடங்கிய சங்கத்தின் வழிவந்த இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் இளம் புத்தாக்குநர் போட்டியையும் விஞ்ஞான, பொறியியல் கண்காட்சியையும் நடத்தி வந்திருக்கிறது. அக்கண்காட்சியில் தெரிவாகும் மாணவர் அமெரிக்காவில் நடைபெறும் ஐசெஃப் என்ற சர்வதேசக் கண்காட்சிக்குச் செல்லும் வாய்ப்பைப் பெறுகின்றனர். ஒன்பதாம் தரம் முதல் பன்னிரண்டாம் தரம் வரையானோருக்கே அந்த மேடை என்பதால் உங்கள் மகள் சரியான வயதில்தான் நிற்கிறாள். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒலிம்பியாட் போட்டிகள் உண்டு. அவை கடினமான வினாக்களைத் தீர்க்கும் திறனைச் சோதிப்பவை. கருவிகளைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு அவற்றை இரண்டாவதாக வைக்கலாம். இவற்றில் எதற்கு விண்ணப்பிப்பதாயினும் பெரும்பாலும் பாடசாலை ஊடாகவே செல்ல வேண்டியிருப்பதால், சுற்றறிக்கை வந்ததா என்று வகுப்பாசிரியரிடமும் வலயக் கல்வி அலுவலகத்தின் விஞ்ஞானப் பாட ஆலோசகரிடமும் நீங்களே கேட்டுக்கொண்டிருங்கள். அதிபரின் மேசையிலேயே முடிவுத் திகதி கடந்துபோன விண்ணப்பப் படிவங்களை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை வேண்டும். வேலைக்கு உங்கள் வீட்டு வாசலில் 56 கிலோமீற்றர் நீளமான ஆய்வுகூடம் ஒன்று கிடக்கிறது. மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. மாரி மழையில் ஆற்று வெள்ளம் நிறைக்கும்போது நன்னீராக மாறுவதும், முகத்துவாரம் திறந்து கடல்நீர் ஏறும்போது உவர்ப்பதும் உங்கள் ஊரில் மீன்பிடிப்போர் எல்லோருக்கும் தெரிந்ததே. எங்கே, எப்போது, எவ்வளவு உவர்ப்பு என்று எண்ணில் கேட்டால் ஊரில் விடை கிடைப்பது அரிது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் நெற்செய்கைக்கு இது வெறும் அறிவுப்பசி அல்ல. உப்பு கூடக் கூட மின்கடத்துதிறனும் கூடும்; நீரால் நிறைவித்த மண்ணிலிருந்து பிரித்த கரைசலில் அது மீற்றருக்கு 3 டெசிசீமன் (மின்கடத்துதிறனின் அலகு) என்ற அளவைத் தாண்டும்போது நெல் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது வேளாண்மை நூல்களில் உள்ள கணக்கு.

இதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எடுத்துக்கொண்டாள். அவள் நாள்தோறும் வாவியைக் குருமண்வெளிக்குப் பாதையில் (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைப் படகை நாங்கள் பாதை என்போம்) கடந்து பாடசாலைக்குப் போய் வந்தவள். பாதை கரையை விட்டதும் ஒன்று, நடு வாவியில் ஒன்று, மறுகரை நெருங்கும்போது ஒன்று என மூன்று போத்தல்களில் நீர் எடுப்பாள். கருவி என்று பார்த்தால், ஒரு பிளாஸ்டிக் துண்டில் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் இறுக்கிய இரண்டு துருப்பிடியா உருக்கு ஆணிகள், நிரல் ஏற்றி இயக்கும் ஆடுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகை, ஒரு மின்தடை. ஆணிகளுக்கிடையே எவ்வளவு எளிதாக மின்னோட்டம் பாய்கிறது என்று அளந்தால் உப்பின் அளவை மதிப்பிடலாம் என்பது பத்தாம் தரத்துப் பிள்ளைக்கும் விளங்கும்.

முதல் வாரம் அவள் கொண்டுவந்த வாசிப்புகள் எனக்கு விசித்திரமாக இருந்தன. ஒரே போத்தல் நீரை ஐந்து முறை அளந்தால் ஒவ்வொரு முறையும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஆணியைத் துடைத்தால் ஏறும், மறுபடி இறங்கும். விடை என்னிடம் இருந்தது. ஆனாலும் நான் சொல்லவில்லை. போத்தலைச் சன்னலருகே வெளிச்சத்தில் பிடித்து ஐந்து நிமிடம் சும்மா பார் என்று மட்டும் சொன்னேன். ஓர் ஆணியைச் சுற்றி ஊசிமுனை அளவான குமிழிகள் வரிசையாக ஒட்டி நின்றன. மற்ற ஆணி மெல்லப் பழுப்பேறிக்கொண்டிருந்தது. “சேர், நாங்கள் தண்ணீரை அளக்கவில்லை, மின்பகுப்புச் செய்துகொண்டிருக்கிறோம்” என்றாள். பாடப்புத்தகத்தில் மின்பகுப்பைப் படித்து அதற்குப் புள்ளியும் வாங்கிய பிள்ளை அவள். அது தன் அளவையைக் கெடுக்கும் ஒன்றாகத் தன் முன்னே வந்து நிற்கும் என்று அதுவரை நினைத்ததில்லை. ஒரே திசையில் தொடர்ந்து மின்னைச் செலுத்தாமல், கணநேரம் ஒரு திசையிலும் அடுத்த கணம் எதிர்த்திசையிலும் செலுத்தி இடையில் வாசிக்கும்படி நிரலை மாற்றினாள். அதற்கு இரண்டு கிழமை சென்றது. எண்கள் நிலைத்தன.

அடுத்த சிக்கல் அதற்குப் பின்னால் வந்தது. காலையில் எடுத்த நீரை உடனே அளந்ததும், நண்பகலில் மறுபடி அளந்ததும் ஒத்துவரவில்லை. நீரின் மின்கடத்துதிறன் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடும்போது ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். காலை 27 பாகையாக இருந்த நீர் தகரக் கூரையின் கீழ் 33 பாகைக்கு ஏறினால் உப்பு ஒரு துளியும் கூடாமலே வாசிப்பு 12 சதவீதம் கூடிவிடும். ஆகவே ஒரு வெப்பமானியும் சேர்ந்தது. திருத்தக் கணக்கும் சேர்ந்தது. வாசிப்பை உப்பின் அளவாக மாற்றுவதற்கான ஒப்பீட்டுக் கரைசல்களை அவள் சமையலறையில் தயாரித்தாள்: 965 கிராம் காய்ச்சி வடித்த நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்தால் கடல்நீரின் உவர்ப்புக்குக் கிட்டிய கரைசல் கிடைக்கும், அதைப் பாதி பாதியாக ஐதாக்கிக்கொண்டே போனால் ஒரு வரைபுக்குத் தேவையான புள்ளிகள் கிடைத்துவிடும். நான்கு மாதத்தின் முடிவில் அவளிடம் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி நிறைய எண்களும், மழை பெய்த நாட்களில் எங்கே கோடு விழுகிறது என்று காட்டும் ஒரு வரைபும் இருந்தன. போட்டியில் மாகாண மட்டத்துக்கு அப்பால் அவள் போகவில்லை. ஆனால் உயர்தரத்தில் பௌதிகவியல் செய்முறையின் போது அளவீட்டு வழு என்றால் என்ன என்று நான் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஓர் உதாரணத்தில் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம் உண்டு. நடுவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் “ஏன் இப்படிச் செய்தாய், வேறு எப்படிச் செய்து பார்த்தாய், எது பிழைத்தது” என்பவைதான். பிழைத்ததைச் சொல்ல முடிகிற பிள்ளை அங்கே நிமிர்ந்து நிற்கும். நுகேகொடையிலோ கொழும்பிலோ காசு கொடுத்துச் செய்வித்த பளபளப்பான மாதிரியின் முன் நின்று பேசத் தெரியாமல் கண்கலங்கிய ஒரு சிறுவனை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய பெரியவர்கள் மேல் இன்றும் தீராத வருத்தம் இருக்கிறது. நீங்கள் மகளுக்கு உதவலாம், பொருள் வாங்கித் தரலாம், தோணியில் கூடப் போகலாம். ஆணியை நீங்கள் முடுக்காதீர்கள்.

வாவியில் இன்னொரு கேள்வியும் கிடக்கிறது. மீன்பாடும் தேன்நாடு என்று ஊருக்கே பெயர் வந்த அந்த ஒலியை, நிலவு நாட்களில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது நம் முன்னோர் வழக்கம். அந்தத் துடுப்பில் நல்ல பௌதிகம் இருக்கிறது. நீருக்குள் எழும் ஒலிச்சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீர்ப்பரப்பைத் தாண்டிக் காற்றுக்கு வரும். மரம் நீருக்கு நெருங்கிய ஒலித்தடை (ஒலி பாய்வதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு) உடையது என்பதால் ஒலியை எளிதாக ஏற்றுக் காதெலும்புக்குக் கடத்துகிறது. இசைக்கும் வாழ்த்து அட்டைகளில் இருக்கும் 27 மில்லிமீற்றர் பீசோ வட்டு (அதிர்வை மின்னாக மாற்றும் தகடு) ஒன்றுக்கு இரண்டு கம்பிகளைப் பற்றாசு வைத்து, நீர் புகாதபடி அரல்டைட் பசையால் மூடி, ஒரு சிறிய பெருக்கிச் சுற்றோடு இணைத்தால் நீருக்கடியில் கேட்கும் ஒலிவாங்கி தயார். ஒலியை எழுப்புவது மீனா, ஊரி என்ற சிப்பியினமா என்று ஊரில் இரண்டு கட்சி உண்டு. கட்சி சேர முன்னர், கேட்ட இரவு, நேரம், நீரின் ஆழம், ஒலியின் அதிர்வெண் ஆகியவற்றைப் பதிவு செய்யும் பிள்ளைதான் எனக்கு வேண்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன்: 50 ஹேட்ஸில் இடையறாத ரீங்காரம் கேட்டால் அது மீன் அல்ல, அருகிலுள்ள மின்கம்பியின் தூண்டல்.

அம்பாறைப் பக்கத்து உறவினர் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். அங்கே யானையை விரட்டும் எச்சரிக்கை மணி என்பது ஆண்டுதோறும் பத்துப் பேர் செய்யும் செயற்றிட்டமாகிவிட்டது. தேவை உண்மையானது; செய்பவர்களில் பெரும்பாலோர் ஓர் இரவேனும் காவல் பரணில் இருந்து, யானை எந்தப் பக்கத்தால் வருகிறது, காவலாளி முதலில் எதைக் கேட்டு விழிக்கிறார் என்று விசாரித்ததில்லை. பெரியவர் துணையோடு போய் அந்த விசாரணையைச் செய்து முடித்தால் கருவி தானாக வேறு வடிவம் எடுக்கும். கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்களில் நீர் ஓடும் வேகத்தை ஒரு தோடம்பழத்தை மிதக்கவிட்டு அளப்பது இன்னும் எளிய தொடக்கம். 10 மீற்றர் தூரத்தை அது கடக்கும் நேரத்தையும் வாய்க்காலின் குறுக்குவெட்டுப் பரப்பையும் கொண்டு நீரோட்டத்தைக் கணக்கிடலாம். மேற்பரப்பு நீர் அடிநீரை விட விரைவாக ஓடுவதால் விடையை ஏறத்தாழ 0.85 ஆல் பெருக்க வேண்டும். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தைக் கட்டிய பொறியியலாளர்களும் நீரின் கணக்கிலிருந்துதான் தொடங்கியிருப்பார்கள்.

துணைக்கு ஆள் வேண்டும் என்றால், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. ஒரு விரிவுரையாளருக்கு “என் மகளுக்கு ஏதாவது செயற்றிட்டம் சொல்லுங்கள்” என்று எழுதினால் பதில் வராமல் போகலாம். “வாவி நீரின் உவர்ப்பை இப்படி அளந்தோம், இந்த இடத்தில் எண் ஒத்துவரவில்லை, உங்கள் மின்கடத்துமானியோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கலாமா?” என்று பாடசாலையின் கடிதத்தோடு மகளே எழுதினால் பதில் வரும் என்று என் அனுபவத்தில் சொல்வேன். பிரதேச செயலகங்களோடு இணைந்த, தொழினுட்ப உதவி தரும் விதாதா வள நிலையங்களையும் விசாரித்துப் பாருங்கள்.

இனிப் பரீட்சை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பல்கலைக்கழக அனுமதி நம் நாட்டில் உயர்தர இசட் புள்ளியை (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளியை) கொண்டே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது. திறமை அடிப்படையில் 40 சதவீதமும், மாவட்ட அடிப்படையில் 55 சதவீதமும், கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென 5 சதவீதமும் ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் உள்ளவை. முகாமின் சான்றிதழ் இந்தக் கணக்கில் நுழையாது. ஆகவே “பல்கலைக்கழகத்துக்கு உதவும்” என்று சொல்லி எவரேனும் பணம் கேட்டால் நம்ப வேண்டாம். மறுபுறம், ஒன்பதாம் தரமும் பத்தாம் தரத்தின் முதற்பாதியும் இத்தகைய வேலைக்கு மிகப் பொருத்தமான காலம். பதினோராம் தரத்தில் கொப்பியை மூடி வைத்துவிட்டு, பரீட்சை எழுதிப் பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் மறுபடி திறக்கலாம். உங்கள் மகளின் பாடசாலை பதினோராம் தரத்தோடு முடிகிற இரண்டாம் வகைப் பாடசாலை என்றால், உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலைக்கு அவள் மாற வேண்டியிருக்கும். அங்கே இணைந்த கணிதமா, உயிரியலா, 2013 முதல் உள்ள தொழினுட்பப் பிரிவா என்று தெரிவு செய்யும் வேளையில், ஆணியும் குமிழியும் கண்ட பிள்ளைக்குத் தன் விருப்பம் தெரிந்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பெற்றோரிடம் மன்றாடுவதுண்டு. பிடிக்காத பிரிவில் இரண்டு ஆண்டுகள் இருந்து வாடிய பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆங்கிலம் போதாது என்று அவள் தயங்குவாள் என்று எழுதியிருந்தீர்கள். குறிப்பைத் தமிழில் எழுதட்டும். காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். பழந்தமிழ் யாழின் நரம்புகளைச் சுருதிக் கணக்கோடு ஆராய்ந்து 1947 இல் அவர் வெளியிட்ட யாழ் நூல், கணிதமும் பௌதிகமும் தமிழில் எவ்வளவு நுட்பமாகப் பேச வரும் என்பதற்கு இந்த மண்ணிலேயே உள்ள சான்று. சிந்தனை தமிழில் தெளிந்த பிறகு, சுருக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுத ஆங்கில ஆசிரியர் ஒருவர் இரண்டு மாலைப்பொழுதுகள் உடனிருந்தால் போதும்.

பெண் பிள்ளை வாவியில் நீர் எடுக்கப் போவதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கக்கூடும். மேற்சொன்ன மாணவியின் வீட்டிலும் கேட்டார்கள். தாயார் ஒரு நாள் தானும் பாதையில் ஏறிப் போய்ப் பார்த்தார். அடுத்த வாரம் முதல் நடு வாவிப் போத்தலைப் பிடிப்பது அவர் வேலையாயிற்று. மிதப்பு அங்கி கட்டாயம், தனியே போவதில்லை, வெள்ளக் காலத்தில் கரையிலிருந்து மட்டும் எடுப்பது என்று மூன்று ஒழுங்குகளை நாங்கள் எழுதிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தோம்.

இந்தச் சனிக்கிழமை ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். பக்கங்களுக்கு எண் இடச் சொல்லுங்கள். பென்சிலால் அல்ல, பேனையால் எழுதட்டும். பிழைத்ததை அழிக்காமல் ஒரு கோடு இழுத்து விட்டுவிடட்டும். ஒரு வாரம் நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் ஒரே இடத்து வாவி நீரின் வெப்பநிலையைக் குறிக்கட்டும். எட்டாம் நாளும் எவரும் சொல்லாமல் அவள் வெப்பமானியை எடுத்துக்கொண்டு புறப்பட்டால் எனக்கு எழுதுங்கள். ஆணி, மின்தடை, நிரல் ஆகியவற்றின் விபரங்களை நான் அனுப்புகிறேன்.